முந்நூற்றொன்று

ஸ்ரான்லி வீதி. கைபேசிக் கடைக்கு மேல்மாடி.
எமிலியாம்பிள்ளை படியேறி வந்து மூச்சுவாங்கி
ஐஸ் வாங்கின ரசீதின் பின்பக்கத்தை நீட்டினார்:
சேர்வரின் கடவுச்சொல்.
ஏழாவது எழுத்து ஐந்தா எஸ்ஸா என்று
எழுதியவருக்கே தெரியவில்லை.

"பழைய விலாசத்தைத் தட்டினாலும்
புதுசுக்கு வரவேணும் பிள்ளை. அவ்வளவுதான்."

கடற்றொழிலாளர் சங்கத்தின் தளம்,
பருத்தித்துறையில் வாடகை அறையில் இருந்தபோது கட்டியது.
சங்கம் என்று ஒரே அடைவு.
"அடைவோ? நகையே வைச்சிருக்கு?" என்று சிரித்தார்.
நகை இல்லை. படகுப் பதிவு, மண்ணெண்ணெய்க் கணக்கு,
பெருநாள் படங்கள்,
ஒரே வலையைப் பதினொரு தரம் எடுத்த படம், ஏனோ.
இப்போது துறைமுகம் திறந்து கந்தோரும் திரும்பிவிட்டது.
இவையும் போகவேணும்:
சங்கம், சாய்கோடு, மயிலிட்டி.

புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால்
கண்ணுக்குப் படாத கோப்பு ஒன்று உண்டு.
அதைத் திறந்து ஒரு வரி எழுதினேன்.
தொப்பிக்குறி: இங்கிருந்து தொடங்கு.
புள்ளியும் நட்சத்திரமும்: என்ன வந்தாலும்,
எவ்வளவு வந்தாலும், வெறுங்கையோடு வந்தாலும்.
அடைப்புக்குறி அள்ளியதை
டொலர் ஒன்று அந்தப் பக்கம் இறக்கிவைக்கும்.

சேமித்தேன். தட்டினேன்.

சங்கம் / மயிலிட்டி / மயிலிட்டி / மயிலிட்டி /
மயிலிட்டி / மயிலிட்டி /

முகவரிப் பட்டையை விட்டு வெளியே ஓடியது.
இருபதாவதில் உலாவி கைவிரித்தது.
என் பிழைதான். புது வாசலின் பெயரும்
சங்கத்தில்தானே தொடங்குகிறது.
வந்து நின்றதையே விதி மறுபடி பிடித்து
வெளிக்கிடு என்றிருக்கிறது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்:
"உதென்ன, ஊர்ப்பேரைச் சொல்லிச்சொல்லி
ஊருக்குப் போகாமல் நிக்குது?"

மேலே ஒரு நிபந்தனை வைத்தேன்.
ஆச்சரியக்குறி, பிறகு மயிலிட்டி.
அதன் பொருள்:
வந்துசேர்ந்தவரை இனி அனுப்பாதே.

"கடைசியில என்ன நம்பர் அது?"
முந்நூற்றிரண்டு. தற்காலிக இடப்பெயர்வு.
பிழைத்தால் மாற்றலாம்.
முந்நூற்றொன்று நிரந்தரம். உலாவி மனதில் எழுதிவைக்கும்,
பிறகு பழைய கதவைத் தட்டியும் பாராது.
கவனமானவர்கள் முதலில் இரண்டைத்தான் போடுவார்கள்.

"தற்காலிகம் வேண்டாம் பிள்ளை.
இருபத்தேழு வருசம் அந்தச் சொல்லுக்குள்ளதான் இருந்தனாங்கள்."

அழித்து ஒன்று போட்டேன். பரீட்சிக்காமல்.
திரும்பிவந்ததற்குச் சேர்வரிடம் தனி எண் கிடையாது,
அதற்கும் இடம்பெயர்ந்தது என்றே பெயர்.
இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

நிவாரணப் படிவங்கள் என்றொரு உள்ளடைவு மிஞ்சியது.
"அதை எங்க அனுப்புறது," என்றார், கேள்வியாக அல்ல.
நானூற்றுநாலு, தெரியாது என்று கையை விரிக்கும்.
நானூற்றுப்பத்து,
இருந்தது, போய்விட்டது என்று சொல்லும்.
பத்தைப் போடச் சொன்னார்.
ரசீதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
கடைசி பஸ்ஸுக்கு இறங்கினார்.

இரவு பதிவேட்டைப் பார்த்தேன்.
இரண்டு பத்துக்கு நோர்வேயிலிருந்து ஒருவர்
பெரிய எஸ்ஸோடு சங்கத்தைத் தட்டியிருக்கிறார்.
நானூற்றுநாலு.
திரும்பவும். நானூற்றுநாலு.
விதியின் வாலில் இரண்டெழுத்துச் சேர்த்தேன்:
பெரிதோ சிறிதோ, உள்ளே விடு.

இரண்டு முப்பத்தொன்றுக்கு அவர் உள்ளே.
கணக்கைத் தொடவில்லை. பெருநாளையும்.
பதினொரு வலைப்படங்களையும்
ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார்,
ஏழாவதை மட்டும் நாலு தரம்.

விடிந்ததும் எமிலியாம்பிள்ளையிடம் கேட்கவேணும்
அது ஆருடைய வலை என்று.